வேலூரில் பாருக்குள் புகைபிடிக்க விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?

காட்பாடிப் பக்கம் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை நடத்தும் ஒருவரின் கேள்வி இது: "உள்ளே பீடி, சிகரெட்டை நிறுத்தினால் கூட்டம் போய்விடும் என்கிறார்கள். எவ்வளவு நஷ்டம் வரும்?"

நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இல்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை விதித்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், 'உணவகம்' என்ற சொல்லுக்குள் பாரையும் அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியையும் சேர்த்தே எழுதப்பட்டவை. "நம்மது கீற்றுக் கொட்டகைதானே, நாலு பக்கமும் காற்று வருதே" என்ற பேச்சு எடுபடாது. பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளவில்லை என்றால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேரின் அபராதமும் அவர் தலையில் விழும். மேசையில் ஆஷ்ட்ரேயோ தீப்பெட்டியோ வைத்துக் கொடுப்பதே தப்பு.

இனி நஷ்டக் கணக்கு. கலிபோர்னியா 1998 ஜனவரியிலும், நியூயார்க் நகரம் 2003 மார்ச்சிலும், அயர்லாந்து 2004 மார்ச்சிலும் பார்களில் புகையை நிறுத்தின. ஓராண்டு கழித்து பார், உணவகங்களின் வரி வசூல் 8.7 சதவீதம் கூடியது என்றது நியூயார்க் மாநகராட்சி. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒப்பிட்ட முந்தைய ஆண்டு, 2001 இரட்டைக் கோபுரத் தாக்குதலின் அடியிலிருந்து நகரம் எழுந்துகொண்டிருந்த காலம். அயர்லாந்தில் பப் விற்பனை இறங்கியது உண்மை, ஆனால் தடைக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் 2006 தடைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் பப் விற்பனை சுமார் 10 சதவீதமும், வருகிறவர்கள் 14 சதவீதமும் குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. 2003இல் 97 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, முறையாகச் செய்யப்பட்ட 21 ஆய்வுகளில் ஒன்றுகூட நஷ்டம் காட்டவில்லை. நஷ்டம் என்று முடித்தவை பெரும்பாலும் சிகரெட் கம்பெனிப் பணத்தில் நடந்தவை. என் தீர்ப்பு: தொடக்கத்தில் ஒரு சறுக்கல் வரலாம், நிரந்தர வீழ்ச்சி வராது.

ஆனால் அங்கெல்லாம் பப்பே மதுவையும் விற்கிறது. நம் ஊரில் பாட்டில் பணம் கடைக்கு, சைடு டிஷ், டம்ளர், தண்ணீர், காலி பாட்டில் பணம் பாருக்கு. பாரில் உட்காரப் பிடிக்காதவர் குடியை விடமாட்டார். குவார்ட்டரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பாலாற்று மணலுக்கோ ஏரிக்கரைக்கோ போவார். கடை விற்பனை அப்படியே நிற்கும், உங்கள் கல்லா மட்டும் இளைக்கும். அதனால் அரசின் மது விற்பனைக் கணக்கை வைத்துப் பாரின் நிலையைச் சொல்லவே முடியாது.

பின் எதைப் பார்ப்பது? காலி பாட்டிலை எண்ணுங்கள். பக்கத்துக் கடையில் 100 குவார்ட்டர் விற்றால் உங்கள் கொட்டகையில் எத்தனை காலி சேர்கிறது? 60 சேர்ந்த இடத்தில் 50 ஆனால் பத்துப் பேர் வெளியே போகிறார்கள் என்று அர்த்தம். (காலி பாட்டிலுக்குப் 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்த இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே உட்காருகிறவர்களை மணிக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டியதுதான்.) கூடவே, 100 குவார்ட்டருக்கு எத்தனை ரூபாய் சைடு டிஷ் போனது என்றும் எழுதுங்கள்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம், கார்த்திகையில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாலை போட்டவர்களின் கணக்கைப் புகைத் தடையின் மேல் எழுதிவிடுவீர்கள். போன கார்த்திகையோடு இந்தக் கார்த்திகை, அவ்வளவுதான். 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் இருந்த கடைகள் மூடப்பட்டன. சென்னை-பெங்களூரு சாலையை ஒட்டிய நம் பகுதியில், அப்படிப்பட்ட ஆண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

30 இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் தனி ஸ்மோக்கிங் ரூம் கட்டலாமே என்பார்கள். சட்டம் அனுமதிக்கிறது, கணக்குதான் அனுமதிக்காது. நாலு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடும் கதவு, உள்காற்று நேராக வெளியே போகும் எக்ஸாஸ்ட் வேண்டும். 10க்கு 8 அடி அறை, அதாவது 80 சதுர அடி, நாலு பேர் மேசை இரண்டை விழுங்கும். 2017 திருத்தத்துக்குப் பின் அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது, ஆக அந்த இடத்தில் ஒரு ரூபாய் வராது. ஏசி பாராக இருந்தால் இன்னும் மோசம். எட்டுப் பேருக்கு நிமிடத்துக்கு 480 கன அடி காற்றை வெளியே தள்ளினால், வெளியே 40 டிகிரி, உள்ளே 26 என்ற நிலையில், அந்த இழப்பை ஈடுகட்ட மட்டுமே ஒரு டன் ஏசி ஓட வேண்டும். கட்டாதீர்கள்.

வெளியே போய்ப் பிடித்துவிட்டு வரட்டும். வாசலிலேயே நிற்க விட்டால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் புகை உள்ளே வரும், ஆகவே வளாகத்துக்கு வெளியே தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எழுந்து போகிறவர் மேசையை இழந்துவிடுவோமோ என்று பயப்படுவார். நம்பர் போட்ட டோக்கன் ஒன்றைக் கையில் கொடுத்து, தட்டை மூடி வையுங்கள். அதுவரை சாப்பிட்டதற்குப் பணம் வாங்கிவிட்டால் நழுவலும் இருக்காது.

மதியம் 12 முதல் இரவு 10 வரை அந்தப் புகையில் நிற்பது தட்டு எடுக்கும் பையன்தான். சான்பிரான்சிஸ்கோவில் தடைக்கு முன்னும் பின்னும் 53 பார் ஊழியர்களைச் சோதித்தார்கள். இருமல், இளைப்பு என்று சொன்ன 39 பேரில் 23 பேருக்கு ஓரிரு மாதங்களில் அது நின்றுவிட்டது. லீவு போடாத, பாதியில் வேலையை விட்டுப் போகாத ஆள் இன்று எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும்.

தொடங்க நல்ல நேரம் கார்த்திகை முதல் தேதி. கூட்டம் குறைவு, வெயிலும் இல்லை, வெளியே போகச் சொன்னால் யாரும் முறைக்கமாட்டார்கள். 60க்கு 30 சென்டிமீட்டர் போர்டை வாசலில் மாட்டி, புகார் சொல்ல வேண்டியவர் பெயரையும் எழுதிவிடுங்கள். தை பிறந்து மாலை கழற்றியவர்கள் திரும்பி வரும்போது, உங்கள் ஆட்களுக்கு "வெளியே போய்ட்டு வாங்கண்ணா" என்று சொல்வது பழகியிருக்கும்.