ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் கருவைக் கலைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 11 வாரக் கர்ப்பம். போன வருடம் 8-வது வாரத்தில் ஒரு கரு கலைந்துவிட்டது. இப்போது டார்ச் டெஸ்ட்டில் (கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கான ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜியும் பாசிட்டிவ். வீட்டில் பூனை இருக்கிறது. குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படும் என்று நெட்டில் படித்தேன். மருந்துக்கடையில் ஸ்பைராமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன். கலைத்துவிடுவதே நல்லது என்கிறார் நாத்தனார்.

பதில்: கலைக்க வேண்டாம். இந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். நாத்தனார் சொல்லலாம்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். தொற்று வந்ததும் ஐஜிஎம் முதலில் வரும், பிறகு வரும் ஐஜிஜி நிலைத்து நிற்கும். முதலில் போன வருட ஃபைலைத் தேடி எடுங்கள். கரு கலைந்தபோதும் பெரும்பாலும் டார்ச் எடுத்திருப்பார்கள். அதிலேயே டாக்ஸோ ஐஜிஜி பாசிட்டிவ் என்றிருந்தால் இது பழைய தொற்று. குழந்தைக்கு அதனால் ஆபத்தில்லை. அன்று நெகட்டிவ், இன்று பாசிட்டிவ் என்றால் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. இடையில் கிருமி புதிதாக நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களைப் பயமுறுத்தும் ஐஜிஎம்மை மட்டும் நம்ப முடியாது. தொற்று வந்து ஒரு வருடம் தாண்டியும் அது ரத்தத்தில் இருக்கலாம். தொற்றே இல்லாதவருக்கும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும். இந்த டெஸ்ட் கிட்டுகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-லேயே மருத்துவர்களை எச்சரித்தது.

பழைய ரிப்போர்ட் கிடைக்கவில்லையா? ஐஜிஜி அவிடிட்டி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. புதுத் தொற்றில் ஐஜிஜி கிருமியை லேசாகத்தான் பிடிக்கும். மாதங்கள் போகப்போகப் பிடி இறுகும். அவிடிட்டி அதிகம் என்று வந்தால் தொற்று குறைந்தது சுமார் நான்கு மாதத்துக்கு முந்தையது, அதாவது நீங்கள் கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது. குறைவு என்று வந்தால் பதறாதீர்கள். சிலருக்குப் பிடி இறுக வெகுநாள் ஆகும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே லேபில் ஐஜிஜி அளவு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

புதுத் தொற்று என்றே உறுதியானாலும் கலைப்பதுதான் வழி என்றில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்த தொற்று குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு. போனால் பாதிப்பு கடுமையாக இருக்கும் என்பதால்தான் விடாமல் கவனிக்கிறோம். மருந்து கொடுப்போம், ஸ்கேனில் குழந்தையின் மூளையைப் பார்ப்போம், 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்வோம்.

ஸ்பைராமைசின் கெட்ட மருந்து இல்லை. அதைத் தொடங்கச் சொல்ல வேண்டியவர் மருந்துக்கடைக்காரர் இல்லை, அவ்வளவுதான். அது அவிடிட்டி ஏறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் ரிசல்ட்டைப் படிப்பவருக்கும் குழப்பம். மூன்று நாள் சாப்பிட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் நல்ல செய்தி, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது. போன வருடம் கரு கலைந்ததற்குப் பழைய டாக்ஸோ காரணமில்லை. 8 வாரத்தில் கலைவதில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறுதான். பூனையையும் விரட்ட வேண்டாம். அதன் கழிவை வேறு யாராவது தினமும் அள்ளிவிட்டால் போதும், ஏனென்றால் அதிலுள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வரவே குறைந்தது ஒரு நாள் ஆகும். அரைவேக்காட்டுக் கறியும் மண்ணோடு வரும் கீரையும்தான் எனக்குப் பூனையைவிடக் கவலை. கறியை நன்றாக வேக வையுங்கள், கீரையை நாலு தண்ணீரில் அலசுங்கள்.

அவிடிட்டியை 16 வாரத்துக்குள் பார்த்தால்தான் அது கருத்தரிப்பதற்கு முந்தைய தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியும். கடிதம் எழுதும்போது உங்களுக்கு 11 வாரம். இதைப் படிக்கும்போது 12-ஓ 13-ஓ ஆகியிருக்கும். இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.