கோடெக் போட்டுக் கொடுத்தால் போலீஸ் வருமா?

கேள்வி: திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு விற்கிறேன். வாங்குகிறவர்கள் பலர் வீட்டில் நெட் கிடையாது. அதனால் பாட்டும் படமும் ஓடுவதற்கான கோடெக் எனும் சிறு நிரல்களைப் பென்டிரைவில் வைத்திருந்து நானே ஏற்றித் தருகிறேன். போன வாரம் ஒருவர் வந்து, "லைசென்ஸ் இல்லாமல் கோடெக் கொடுப்பது கிரிமினல் குற்றம். 15,000 ரூபாய் கட்டினால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்றார். கட்டிவிடலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மாதிரி ஆட்கள் பிழைப்பதே 'காப்புரிமை' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான். பத்திரிகைகளில் பேட்டன்டுக்கும் அதே சொல், காப்பிரைட்டுக்கும் அதே சொல். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு: பேட்டன்ட் ஒரு கண்டுபிடிப்புக்கான உரிமை, காப்பிரைட் ஒருவர் எழுதிய படைப்புக்கான உரிமை; நிரலும் அதில் அடங்கும். காப்பிரைட் மீறினால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பேட்டன்ட் மீறல் நம் நாட்டில் சிவில் விவகாரம். பேட்டன்ட்காரர்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போலீசுக்கு அதில் வேலையே இல்லை. கோடெக் என்றாலே எழும் பயம் பெரும்பாலும் பேட்டன்டைப் பற்றியது. வந்தவர் அதற்குக் காப்பிரைட் தண்டனையைச் சொல்லி உங்களை மிரட்டியிருக்கிறார்.

அந்த பேட்டன்டாவது உயிரோடு இருக்கிறதா? எம்பி3-க்கான உரிமத் திட்டத்தை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2017 ஏப்ரலில் மூடிவிட்டது. டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 வீடியோ முறையின் பேட்டன்டுகளுக்கு அமெரிக்காவிலேயே 2018-ல் காலம் முடிந்தது. ஹெச்.264 என்ற வீடியோ முறைக்குத்தான் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கும், பேட்டன்ட்காரர்கள் சார்பில் உரிமம் கொடுத்த எம்பெக் எல்ஏ நிறுவனம் வகுத்த கட்டண விதியில் ஆண்டுக்கு முதல் 1 லட்சம் பிரதிகளுக்குக் காசு கிடையாது. மாதம் பத்து இருபது லேப்டாப் விற்கிற உங்களிடம் எதற்கு 15,000?

நம் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கம்ப்யூட்டர் நிரல் 'தன்னளவில்' பேட்டன்டுக்கு உரியதல்ல என்கிறது. அந்த ஒற்றைச் சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். 2004-ல் அவசரச் சட்டம் போட்டு அதைத் தளர்த்தப் பார்த்தார்கள்; 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. ஆனாலும் 'அமைப்பு', 'செயல்முறை' என்று பெயர் மாற்றி விண்ணப்பித்தவர்களுக்கு பேட்டன்ட் அலுவலகம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. எது செல்லும், எது செல்லாது என்று ஒரு கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித்தர இத்தனை வருடத்தில் யாரும் முன்வரவில்லை. எனக்கு இதில் கோபம்தான். அரசு எழுதாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தைத்தான் இவர்கள் முத்திரை குத்தி விற்கிறார்கள். மதுரையில் டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் பணம் கட்டி வாங்கிய சான்றிதழை என்னிடம் காட்டினார். தங்க நிற ஸ்டிக்கர், இரண்டு கையெழுத்து. பேட்டன்ட் எண் எங்கேயும் இல்லை. உரிமை தந்தது யார் என்றும் இல்லை.

சரி, உங்கள் பென்டிரைவுக்கு வருவோம். அதைத் திறந்து பாருங்கள். விண்டோஸிலிருந்து உருவிய டிஎல்எல் கோப்புகள் அடங்கிய பழைய 'கோடெக் பேக்' இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அது அடுத்தவருடைய நிரல்; நிஜமான காப்பிரைட் ஆபத்து அங்கேதான். எஃப்எஃப்எம்பெக் போன்ற கோடெக் தொகுப்புகள் ஓபன் சோர்ஸ், அதாவது மூலநிரல் (நிரலாளர் எழுதிய அசல் வரிகள்) எல்லோருக்கும் திறந்திருப்பவை. காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். ஆனால் நீங்களே பிரதி எடுத்துக் கொடுக்கும்போது மூலநிரல் கேட்டால் தரவேண்டிய பொறுப்பும் உங்களுக்கு வருகிறது. பில்லின் பின்னால் 'மூலநிரல் 3 ஆண்டு வரை கேட்டுப் பெறலாம்' என்று அச்சடித்துவிடுங்கள். அச்சடித்தால் போதாது, கேட்டால் கொடுக்கவும் வேண்டும்.

சிஸ்கோ நிறுவனத்தின் ஓபன்ஹெச்264 என்ற ஹெச்.264 கோடெக் கோப்பைப் பென்டிரைவில் வைக்காதீர்கள். அதற்கான பேட்டன்ட் கட்டணத்தை சிஸ்கோவே கட்டுகிறது. ஆனால் பயன்படுத்துபவரின் கம்ப்யூட்டருக்கு சிஸ்கோவின் சர்வரிலிருந்து நேராக இறங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு. நடுவில் நீங்கள் பிரதி எடுத்துக் கொடுத்தால் போச்சு. இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மின்ட் 2016-ல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து கோடெக்குகளைக் கூடவே தருவதில்லை; நிறுவும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் இணையத்திலிருந்து இறங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் லேப்டாப் வாங்க வரும்போது உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அந்த டிக்கை அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

டிவிடி பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் மட்டும் தனிக்கதை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2012-ல் காப்பிரைட் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வீட்டில் பார்ப்பது மீறல் அல்ல, அதனால் பயமில்லை. ஆனால் அப்படிப் பார்க்க இன்னொருவருக்கு உதவுகிறவர், அந்த ஆளின் பெயர், முகவரி, எதற்காக உதவினோம் என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இப்படி நோட்டு போடும் கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நீங்கள் போடுங்கள். நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி, தேதி, பெயர், முகவரி, அடையாள அட்டை எண், 'சொந்த டிவிடி பார்ப்பதற்கு' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விடாதீர்கள். பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டுதான்.

அந்த ஆள் திரும்ப வந்தால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இந்திய பேட்டன்ட் எண், உரிமையாளர் இவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், எந்தக் கோப்பு மீறுகிறது என்ற விவரம். ஆதாரமில்லாமல் பேட்டன்ட் வழக்கு போடுவேன் என்று மிரட்டுகிறவர்மேல் பேட்டன்ட் சட்டத்தின் 106-வது பிரிவின்கீழ் நீங்களே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். எழுத்தில் ஏதாவது கொடுத்தால் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள்.