முள் நகராத ஏழு வாரங்கள்

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பதாக மருத்துவர் எச்சரித்ததால், நான்கு மாதங்களில் 82 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்தேன். ஆனால் கடந்த ஏழு வாரங்களாக எடை அசையவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவு இரண்டு சப்பாத்தியும் குருமாவும், தினமும் 45 நிமிட நடை; இதில் எதையும் நான் மாற்றவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இரவு உணவை அடியோடு நிறுத்தச் சொல்கிறார். செய்யலாமா? எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: நால்வர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் ஆகிறது.
- வாசகி, திருச்சி

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. நீங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் உங்கள் உடல் மாறிவிட்டது. 82 கிலோவைச் சுமந்து நடப்பதற்கும் 74 கிலோவைச் சுமந்து நடப்பதற்கும் ஆகும் ஆற்றல் ஒன்றல்ல. எடையில் ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைவதையும், பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுவதையும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, முன்பு எடையைக் குறைத்த அதே உணவு இப்போது எடையை நிலைநிறுத்தும் உணவாகிவிட்டது. இதில் உங்கள் மனவுறுதியின் குறை எதுவும் இல்லை. தொடக்க எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அதை ஏறவிடாமல் காத்திருக்கிறீர்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம். அதைக் கேட்காமலே எழுதியது மிகவும் நல்லது. மாதம் 5 லிட்டரை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 கிராம், அதாவது 340 கலோரி. இட்லியை எண்ணிச் சாப்பிடும் நாம், அதன்மேல் ஊற்றும் மிளகாய்ப்பொடி எண்ணெயையும், சட்னித் தாளிப்பையும், குருமாவில் மிதப்பதையும் எண்ணுவதில்லை. மாதம் 3 லிட்டரில் சமையலை முடித்தால், தட்டில் ஒரு கவளமும் குறையாமல் நாளொன்றுக்கு 135 கலோரி மிச்சமாகும். அளந்து ஊற்றத் தனியாக ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் புரதம் குறைவாகத் தெரிகிறது. ஒரு சப்பாத்தியைக் குறைத்து, குருமாவுக்குப் பதிலாகச் சுண்டலோ இரண்டு முட்டையோ சேர்த்தால் பசி தாங்கும். எடையோடு சேர்ந்து தசையும் கரைவது குறையும். நடையோடு, வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகளும் தேவை.

அக்காவின் யோசனை அன்பினால் வந்தது, ஆயினும் ஏற்கத்தக்கதல்ல. 1945-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியை மட்டுமே கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் எடை குறைந்தார்கள். கூடவே சோர்ந்து, குளிரில் நடுங்கி, எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக் கிடந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் பலருக்குப் பசி அடங்கவே நெடுநாள் ஆயிற்று.

எடையை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும், ஊறுகாய், கருவாடு, அப்பளம் மிகுந்த நாட்களிலும் உடலில் தங்கும் நீர் உண்மையான குறைவை மறைத்துவிடும். இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். அது 80 செ.மீ.க்குக் கீழ் வருவது நல்லது. உடல் அசதியும் மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வயது 55. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். நடந்தும் எடை குறையவில்லை. மாத்திரை காரணமா?
- வாசகர், கரூர்

பதில்: இருக்கலாம், ஐயா. அந்த மாத்திரை இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதால் சிலருக்கு எடை கூடும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து படபடக்கும்போது எதையாவது சாப்பிட நேர்வதும் அதனோடு சேர்ந்துகொள்ளும். எடையைக் கூட்டாத மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். படபடப்பு வந்த நாளையும் நேரத்தையும் இரண்டு வாரம் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.