பாக்டீரியாவுக்கு அளவு தெரியுமா?

கேள்வி: 'பாக்டீரியா தன் வெளிச்சவ்வில் கொழுப்பை அளவோடு வைத்துக்கொள்கிறது' என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மூளையே இல்லாத ஒற்றைச் செல்லுக்கு அளவு எப்படித் தெரியும்? கதை விடுகிறீர்களா?

பதில்: கதை இல்லை. ஆனால் 'வைத்துக்கொள்கிறது' என்று எழுதியபோது உள்ளே யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது போன்ற தோற்றம் வந்துவிட்டது. அது என் தப்பு.

ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு, அதாவது உள்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு சவ்வு உள்ள வகைக்கு, வெளிச்சவ்வின் உள்பக்க அடுக்கு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு, வெளிப்பக்க அடுக்கு லிப்போபாலிசாக்கரைடு என்ற சர்க்கரை கோத்த கொழுப்பு. பின்னதை எல்.பி.எஸ். என்போம். எல்.பி.எஸ். குறைந்தால் சவ்வு கசியும். வெளியே நிற்க வேண்டிய ஆன்டிபயாடிக்குகள் உள்ளே நுழையும். கூடினால்? அதுவும் சாவுதான். இரண்டு கொழுப்புக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால், ஒன்று அள்ளிக்கொண்டால் மற்றதற்குப் பஞ்சம்.

எல்.பி.எஸ். தயாரிப்பின் வேகம் எல்பிஎக்ஸ்-சி என்ற நொதியின் கையில். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இன்னும் நான்கு வரும்.) செல் இந்த நொதியை ஓயாமல் செய்கிறது. எஃப்டிஎஸ்-எச் என்ற இன்னொரு நொதி அதை ஓயாமல் கடித்துத் தின்கிறது. மாறுவது தின்னும் வேகம்தான். தீனியைப் பிடித்துக் கொடுப்பது லாப்-பி என்ற புரதம். சாதாரண நேரத்தில் அதன் கையை யெஜ்-எம் என்ற புரதம் பிடித்துவைத்திருக்கும். உள்சவ்வில் தயாரான எல்.பி.எஸ். வெளிச்சவ்வுக்குப் போகாமல் அங்கேயே தேங்கினால், யெஜ்-எம் மீது ஒட்டுகிறது. பிடி விடுகிறது. எல்பிஎக்ஸ்-சி காலி, தயாரிப்பு மந்தம்.

கவனியுங்கள், வெளிச்சவ்வில் எவ்வளவு இருக்கிறது என்று இங்கே எதுவும் அளக்கவில்லை. அனுப்பாமல் தேங்கிய சரக்கே நிறுத்தச் சொல்லும் ஆணை.

எஃப்டிஎஸ்-எச்சை நீக்கிப் பார்த்தார்கள். தின்ன ஆளில்லை, எல்.பி.எஸ். மிதமிஞ்சி, இரண்டு சவ்வுக்கும் நடுவே விபரீதமாகச் சவ்வுகள் குவிந்து செல் செத்தது. அப்படிச் சாக வேண்டிய செல்லைப் பிழைக்கவைத்த மரபணு மாற்றம் ஒன்று, பாஸ்போலிப்பிட் பக்கம் வேலை செய்யும் நொதியில் நேர்ந்தது. நீங்கள் கேட்ட 'அளவு' என்பது இரண்டு கொழுப்புக்கும் நடுவிலான இழுபறிதான்.

சரி, வெளிச்சவ்வில் எல்.பி.எஸ். குறைந்தால் சேதி உள்ளே எப்படி வரும்? அந்த இடைவெளியில் பாஸ்போலிப்பிட் ஏறி உட்கார்ந்துவிடும். அதுவரை சும்மா கிடந்த பிஎல்டி-ஏ என்ற நொதி விழித்து அதை வெட்டும். வெட்டிய கொழுப்பமிலம் செல்லுக்குள் போய் எல்பிஎக்ஸ்-சி அழிவதை மட்டுப்படுத்தும் என்று 2018-இல் காட்டினார்கள். தப்பான இடத்தில் உட்கார்ந்ததன் துண்டே தபால்.