வெட்டி ஒளிபரப்பிய வீடியோ: போனில் கூப்பிட்டால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊரில் கிழக்குத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிநீர் வருகிறது. மேட்டுத் தெருவில் இருக்கும் எங்களுக்கு வாரம் ஒரு முறைதான். அக்டோபர் 2 கிராம சபையில் நான் எழுந்து, "கிழக்குத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்" என்று பேசினேன். மோட்டார் ரிப்பேருக்கு பில் போட்ட ஒப்பந்ததாரரைப் பற்றியும் கேள்வி கேட்டேன். என் மகன் முழுவதையும் போனில் எடுத்து என் பேஸ்புக்கில் போட்டான். ஒரு யூடியூப் செய்திச் சேனல் அதை "கொடுக்காதீர்கள்" என்ற இடத்தோடு வெட்டி, சாதி வெறியைத் தூண்டும் பெண் என்று தலைப்புப் போட்டது. மறுநாள் ஒரு டிவி சேனலும் அதையே காட்டியது. இப்போது என் குரலில், நான் பேசவே பேசாத வசவோடு ஓர் ஆடியோவும் சுற்றுகிறது. கோபத்தில், "ஒப்பந்ததாரரிடம் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டார்கள்" என்று வந்த மெசேஜை எங்கள் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்துவிட்டேன். நேற்று ஸ்டேஷனிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்து, வீடியோவை நீக்கிவிட்டு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் படமும் வந்திருக்கிறது. நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, வீடியோவை நீக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். வெட்டப்படாத அந்தப் பதிவு கையில் இருக்கும்வரை, நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதற்கு வேறு யாருடைய விளக்கமும் தேவையில்லை. "பிரச்சினை வேண்டாம், எடுத்துவிடு" என்று வீட்டில் சொல்வார்கள். எடுத்துவிட்டால் ஊரில் மிஞ்சுவது அவர்கள் வெட்டிய துண்டு மட்டும்தான்.

அந்த போன் அழைப்பைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். போனில் கூப்பிட்டார்கள் என்பதற்காக நீங்கள் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. புகார் இருந்து, கைது செய்யாமல் விசாரிக்க வேண்டுமென்றால் குற்ற விசாரணை நடைமுறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. முறைப்படி நேரில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், வழக்கறிஞரோடு போங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், போலீஸ் அதற்கான காரணத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். ஒருவேளை உங்களைச் சாட்சியாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், 179ஆம் பிரிவின்படி பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

மறுபடியும் போன் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். "சார், சி.எஸ்.ஆர். நம்பரோ எஃப்.ஐ.ஆர். நம்பரோ சொல்லுங்கள், என்ன பிரிவு என்று சொல்லுங்கள், நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். (சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது.) பேசியவர் பெயர், பதவி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உண்மையில் போலீஸ்தானா என்பதும் நமக்குத் தெரியாது. ஸ்டேஷன் லேண்ட்லைனுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். "இனிமேல் இப்படிப் பேச மாட்டேன்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால் ஊருக்கு முன்னால் நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அடுத்த கிராம சபையில் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். குடிமக்களின் வாயை அடைக்க அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு சொல்லும் காரணங்களில் இப்படி ஒரு வழி கிடையாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, வழக்கே போட்டால்? குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353(2) பிரிவுகளைத்தான் போடப் பார்ப்பார்கள். பிரிவினரிடையே பகையைத் தூண்டுவது, அதற்காகப் பொய்ச் செய்தி பரப்புவது என்பவை அவை. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றங்கள். அதனால் அலட்சியம் கூடாது. ஆனால் 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சைப் பற்றிய இத்தகைய புகார்களில், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதே பொருத்தம் என்றது. பேச்சை எடைபோடும்போது எதற்கெடுத்தாலும் அச்சுறுத்தலைக் காணும் பலவீனமான மனதை அளவுகோலாக வைக்கக் கூடாது, நிதானமும் திடமும் உள்ள மனிதரின் பார்வையில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பேச்சு முழுவதையும் கேட்கும் எவருக்கும் அது தண்ணீர் கேட்கும் பேச்சு என்று புரியும். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்கலாம், உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கோரலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்டாக வேண்டும். கிழக்குத் தெருவில் இருப்பவர்கள் பட்டியல் சாதியினரா? அப்படியென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் புகார் வரலாம். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. ஆனால் புகாரைப் படித்த மாத்திரத்திலேயே குற்றம் தெரியவில்லை என்றால் அந்தத் தடை பொருந்தாது என்று, ஒரு யூடியூப் சேனல் ஆசிரியர் தொடர்பான ஷாஜன் ஸ்காரியா வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டம் உண்மையிலேயே அவமானப்பட்டவர்களுக்கான கவசம், அது அவசியமானது. அதனால் சட்டத்தோடு மோதாமல், முழு வீடியோவைக் காட்டி நீங்கள் பேசியது அதில் அடங்காது என்று காட்டுவதுதான் நம் வேலை. கிழக்குத் தெருப் பெரியவர்களிடமும் முழு வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "கொடுக்காதீர்கள்" என்ற துண்டை மட்டும் கேட்டு அவர்கள் மனம் நொந்திருந்தால் அது அவர்கள் தப்பில்லை.

ஒப்பந்ததாரர் விஷயம் வேறு. பொதுப் பணத்தில் போட்ட பில்லைக் கிராம சபையில் கேட்பது உங்கள் உரிமை, அதற்காகத்தான் கிராம சபையே இருக்கிறது. அவதூறு என்று அவர் சொன்னாலும், நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் விதிவிலக்குகள் உங்கள் பக்கம்: பொதுநன்மைக்கான உண்மை, பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து. அவதூறில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். ஊராட்சியே உங்கள் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா என்றால், முடியாது. நக்கீரன் பத்திரிகை தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994லேயே, அரசோ உள்ளாட்சி அமைப்போ மானநஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மோட்டார் பில்லின் நகலை இப்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேள்வி கேட்டவருக்கு ஆவணம்தான் பலம்.

இனி சேனல்களிடம் வருவோம். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் சொல்லியாக வேண்டும்: ஒரு சேனல் ஒருபக்கமாகச் செய்தி போடுவது குற்றமில்லை. அவர்களுக்குப் பிடித்தவரைப் புகழலாம், பிடிக்காதவரைக் கேள்வி கேட்கலாம். அந்தச் சுதந்திரத்தைத் தாங்கும், பேச்சுரிமை தரும் அதே 19(1)(அ) பிரிவுதான் கிராம சபையில் உங்களையும் தாங்குகிறது. சார்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால் முதலில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை வைத்துக்கொண்டு, பேஸ்புக்கில் ஒரு வரி எழுதியதற்கும் அதற்கு லைக் போட்டதற்கும் 2012ல் மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது.

ஆனால் வாக்கியத்தை நடுவில் வெட்டி, சொன்னதற்கு நேர் எதிராக ஒலிக்கச் செய்வது சார்பு இல்லை, பொய். "என்று நான் சொல்லவில்லை" என்ற சில சொற்களை எடுத்துவிட்டு ஒரு பெண்ணின் மேல் சாதி வெறி என்ற தலைப்பைச் சுமத்தினால், அது அவதூறு. நீங்கள் தொடுக்க வேண்டிய வழக்கு இதுதான்.

டிவி சேனலுக்கு உடனே எழுதுங்கள். கேபிள் டிவி விதிகளின் நிகழ்ச்சிக் கோட்பாடு, அவதூறையும் பாதி உண்மைகளையும் தடை செய்கிறது. 2021ல் வந்த திருத்தத்தின்படி, புகார் கிடைத்த 15 நாளுக்குள் சேனல் முடிவைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் மத்திய அரசின் மேற்பார்வை இருக்கிறது. செய்திச் சேனல்களின் ஒழுங்குமுறை ஆணையமான என்.பி.டி.எஸ்.ஏ.வில் அது உறுப்பினர் என்றால், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலிடம் புகார் போயிருக்க வேண்டும். நாளை எண்ணிக்கொண்டு செயல்படுங்கள். ஒளிபரப்புப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். அது பத்திரிகைகளுக்கானது, டிவிக்கு அங்கே வேலை இல்லை.

யூடியூப் சேனலுக்கு வேறு வழி. யூடியூப் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் லிங்க்கோடு, இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் வைத்து, எந்த நொடியில் வெட்டினார்கள் என்று குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். காப்பிரைட் ஸ்ட்ரைக், அதாவது உங்கள் வீடியோவை அனுமதியின்றி எடுத்தார்கள் என்று யூடியூப்பிடம் புகார், அடித்தால் சீக்கிரம் வேலை முடியும் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடப்புச் செய்திக்காக எடுத்தாண்டோம் என்று அவர்கள் பதில் சொல்வார்கள், பேச்சு பொய்யிலிருந்து விலகி உரிமைச் சண்டையாகிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் இரண்டு சேனலுக்கும் போகட்டும். முழு வீடியோவைக் காட்டித் திருத்தம் வெளியிட வேண்டும், வெட்டியதை நீக்க வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்போம். நஷ்ட ஈட்டு வழக்கென்றால் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும், கிரிமினல் அவதூறுக்கு மூன்றாண்டு. விசாரணைக்கு முன்பே இடைக்காலத் தடை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். ஊடகங்களுக்கு எதிராக அப்படித் தடை கொடுக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று 2024ல் புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அது நியாயமான எச்சரிக்கைதான்.

அந்தப் போலிக் குரல் ஆடியோவை இவற்றோடு சேர்க்க வேண்டாம். நீங்கள் பேசாததைப் பேசியதாக உருவாக்குவது, மின்னணுப் பதிவில் செய்த போர்ஜரி. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு செய்தால் நியாய சன்ஹிதாவின் 336(4) பிரிவில் மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. இதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலும் தனிப்புகாராகக் கொடுங்கள். ஆடியோ முதலில் எந்தக் குரூப்பில், எந்த நம்பரிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

உங்கள் ஃபார்வர்டு பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். இதுவரை நான் சொன்னதில் உங்கள் பக்கம் பலவீனமான ஒரே இடம் அதுதான். "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வந்த ஒரு பதிவை 2018ல் பேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு போன்றது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. காசு வாங்கினார்கள் என்பதற்கு உங்களிடம் ரசீதோ சாட்சியோ இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு, "இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, திரும்பப் பெறுகிறேன்" என்று அதே குரூப்பில் எழுதுங்கள். விளக்கம், வருத்தம், பதில் சண்டை எதுவும் வேண்டாம். அவர்கள் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவர்களுக்குச் செய்யக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக ஆதாரத்தைப் பாதுகாப்பது. மகனின் போனில் இருக்கும் மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும், அதனால் கேபிள் போட்டு பென் டிரைவிலும் வேறொரு கம்ப்யூட்டரிலும் நகல் எடுங்கள். நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) நிபுணர் கையெழுத்தும் கேட்பார்கள், அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். சேனல்களின் வீடியோவை லிங்க், தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்துவிடுங்கள், நாளைக்கே அவர்கள் தலைப்பை மாற்றிவிடலாம். போலீஸ் போனைக் கேட்டால், பறிமுதல் மகஜர் இல்லாமல் கொடுக்காதீர்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி பறிமுதலை வீடியோவிலும் பதிவு செய்ய வேண்டும்.

வக்கீல் செலவை நினைத்து இதை விட்டுவிடாதீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். போகும்போது பென் டிரைவ், அந்த வாட்ஸ்அப் நோட்டீஸின் பிரிண்ட், டிவி ஒளிபரப்பான தேதி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டிவி சேனலுக்கான புகாரை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம், இன்றைக்கே ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள்.