பிரவுசரை மாற்றுவது இருக்கட்டும், அந்த வட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: ராஜபாளையத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. குரோம்தான் பயன்படுத்துகிறேன். பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது. அண்ணன் மகன், "ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்க அத்தை" என்கிறான். சர்வீஸ் கடைக்காரர், பிரேவ்தான் பாதுகாப்பு, பேங்கிங் செட்டப்போடு 1,200 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றினால் குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடுமா? ஒரு டீலர் தளம் வேறு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கிறது. எதைத்தான் வைத்துக்கொள்வது?

பதில்: அந்த 1,200 ரூபாய் கல்லாவிலேயே இருக்கட்டும். பிரேவ், ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் எதற்கும் ஒரு பைசா கிடையாது. அந்தந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் இறக்கினால் ஐந்து நிமிட வேலை. 'பேங்கிங் செட்டப்' என்று தனியாக ஒரு சரக்கு எந்தப் பிரவுசரிலும் இல்லை. பாஸ்வேர்டும் எங்கேயும் போகாது. புதிதாக ஒன்றைப் போட்டால் குரோம் அழிந்துவிடுவதில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடை மாதிரி அததன் சரக்கோடு இருக்கும். குரோமை நீங்களாக அன்இன்ஸ்டால் செய்து, 'டேட்டாவையும் அழிக்கவா?' என்று அது கேட்கும்போது டிக் போட்டுவிட்டால்தான் வம்பு.

எது நல்லது என்ற சண்டையில் பாதி வீண் சண்டை. குரோமுக்கு அடியில் இருப்பது குரோமியம் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள். 2008-இல் குரோமோடு சேர்த்தே கூகுள் அதையும் வெளியிட்டது. ஓப்பரா பிரவுசர் 2013-இல் அதற்கு மாறியது. மைக்ரோசாஃப்டே தன் சொந்தச் சரக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 2020-இல் எட்ஜை அதன்மேல் கட்டியது. பிரேவ், விவால்டி, நம் சோஹோவின் உலா எல்லாம் அதே மாவுதான், ஊற்றும் கல் மட்டும் வேறு. விண்டோஸ் கணினியில் தனித்து நிற்பவற்றில் பெரியது ஃபயர்பாக்ஸ். பெரும்பாலானவர்கள் இதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. போனில் குரோம் இருந்தது, அதனால் லேப்டாப்பிலும் குரோம். ஆபீஸில் எட்ஜ் இருந்தது, அதனால் வீட்டிலும் எட்ஜ். அதில் தப்பொன்றும் இல்லை.

நான் ஃபயர்பாக்ஸ் கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன நிரல்) அதில் முழுசாக வேலை செய்கிறது. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை மாற்றுகிறேன் என்று குரோம் அதை வெளியே தள்ளிவிட்டது. இப்போது அங்கே கிடைப்பது 'லைட்' என்ற இளைத்த தம்பி. விளம்பரம் கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினால் முதலில் வந்து நிற்பது சில சமயம் மோசடிக்காரன் காசு கட்டிப் போட்ட விளம்பரம். அது கண்ணிலேயே படாமல் இருப்பது நல்லது.

சரி, பிரேவும் விளம்பரத்தைத் தானாகவே தடுக்கும், நல்ல பிரவுசர்தான். என் கவலை பிரேவைப் பற்றி அல்ல, அதைப் போட்டுத் தரக் காத்திருக்கும் ஆளைப் பற்றி.

குரோமைத் திறந்து வலது மேல் மூலையைப் பாருங்கள். ஒரு சின்ன வட்டம், அதில் ஒரு படமோ எழுத்தோ இருக்கும். அதைத் தொட்டால் ஒரு மின்னஞ்சல் முகவரி தெரியும். அது உங்களுடையதுதானா? சிரிக்காதீர்கள். போன வருடம் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அவர் பெயர் 'ச'வில் தொடங்கும், வட்டத்திலோ 'எம்'. தொட்டுப் பார்த்தால், விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரரின் முகவரி. ஏதோ ஒன்றை இறக்குவதற்காக அவர் தன் கணக்கில் உள்ளே போயிருக்கிறார், வெளியே வர மறந்துவிட்டார். மறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் எட்டு மாதம் அந்த அம்மா 'சேவ் பாஸ்வேர்ட்' என்று கேட்டபோதெல்லாம் 'சரி' கொடுத்திருக்கிறார். வங்கி, மின்னஞ்சல், பேரனின் பள்ளிக் கட்டணம் என்று 41 பாஸ்வேர்டுகள், அத்தனையும் வேறொருவர் கணக்கில். கடைக்காரர் தன் போனைத் திறந்தால் அதிலும் தெரியும்.

உங்களுக்கும் அப்படி இருந்தால் வட்டத்தைத் தொட்டு வெளியேறினால் மட்டும் போதாது. போனது போனதுதான். உங்கள் போனிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்ற வரிசையில் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். அப்படியே, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். "அடுத்த தடவை நீங்க வரவே வேண்டாம், நான் இங்கிருந்தே பார்த்துக்கிறேன்" என்று சொல்லி விட்டுப்போவது. வரவே வேண்டாம் என்றால் அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். எடுத்துவிடுங்கள்.

அடுத்து வேகம். 4 ஜிபியில் விண்டோஸே பாதியைத் தின்றுவிடும், எந்தப் பிரவுசராலும் அற்புதம் நடக்காது. குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் போட்டதாக நினைவே இல்லாத பிடிஎஃப் கன்வர்ட்டர், கூப்பன் தேடுவது, வானிலை எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். தயங்காமல் நீக்குங்கள். நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறிக் கெட்டுப்போகும். லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை, அது வேறு ஆளிடம் போனபின், தீங்கான நிரல் இருக்கிறதென்று 2021-இல் கூகுளே நீக்கியது. செட்டிங்ஸில் பெர்ஃபார்மென்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். பேசாமல் கிடக்கும் டேப்களை அது தூங்க வைக்கும். 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மூலையில் எட்டிப் பார்ப்பது வைரஸ் அல்ல, எப்போதோ நீங்கள் 'அலோ' கொடுத்த தளத்தின் நோட்டிஃபிகேஷன். சைட் செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம். அதற்கு 500 ரூபாய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த டீலர் தளம். இங்கே எனக்குக் கோபம் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று மூடிவிட்டது. செத்த பிரவுசரைக் கேட்டு இன்னமும் ஒரு தளம் நிற்கிறது என்றால் அதை நடத்துகிறவர்களுக்குச் சோம்பல், வேறொன்றும் இல்லை. செலவு அவர்களுடையது, அலைச்சல் உங்களுடையது. "எக்ஸ்ப்ளோரர் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது பழைய கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் எட்ஜிலேயே வழி இருக்கிறது.

எட்ஜ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் தளங்களைத் திறக்க அனுமதிக்கவா என்ற இடத்தில் 'அலோ' கொடுத்துவிட்டு எட்ஜை மூடித் திறங்கள். அதன்பின் அதே இடத்தில் கீழே இருக்கும் பட்டியலில் டீலர் தளத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். முகப்பு முகவரியை மட்டும் போட்டால் லாகின் பக்கத்தில் போய்த் தட்டும். எந்தப் பக்கம் திறக்க மறுக்கிறதோ, அந்தப் பக்கத்தின் முழு முகவரியையும் நகலெடுத்து ஒட்டுங்கள். சரியாகத் திறந்தால் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் பழைய நீல 'ஈ' தெரியும். முன்பு மெனுவிலேயே இதற்கு ஒரு பொத்தான் இருந்தது. இந்தப் பழைய மோடின் ஓட்டை வழியாகத் திருடர்கள் புகுந்தது தெரிந்ததும் 2025-இல் சாதாரணப் பயனாளருக்கு அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தச் சுற்று.

இன்னொரு கூத்து: அப்படிச் சேர்த்த முகவரி 30 நாளில் தானாக விழுந்துவிடும். நேற்று வரை திறந்த தளம் இன்று திறக்காது, நீங்கள் கணினி கெட்டுவிட்டதென்று சர்வீஸ் கடைக்கு ஓடுவீர்கள். கெட்டுப்போகவில்லை, கெடு முடிந்திருக்கிறது. மறுபடியும் அதே பட்டியலில் சேர்த்தால் இன்னும் 30 நாள் ஓடும். காலண்டரில் குறித்து வையுங்கள். குறைந்தது 2029 வரை இந்த மோடைத் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதற்குள் உங்கள் டீலர் விழித்துக்கொண்டால் சரி. எட்ஜில் அந்த ஒரு தளத்தைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள்.

ஆக, உங்கள் லேப்டாப்பில் மூன்று பிரவுசர்கள் இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. ஒரே நேரத்தில் மூன்றையும் திறந்து வைக்காமல் இருந்தால் போதும். குரோமைச் சுத்தம் செய்து, எக்ஸ்டென்ஷனே இல்லாமல், பணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வங்கி, ஜிஎஸ்டி, கரண்ட் பில். பாஸ்வேர்டுகளும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வங்கித் தளத்தில் பூட்டுப் படம் காணோமே என்று பதறாதீர்கள், குரோம் அதை 2023-லேயே எடுத்துவிட்டது. திருட்டுத் தளத்திலும் பூட்டு இருந்தது, அதனால் பெரிய நஷ்டம் இல்லை. தளப் பெயரின் கடைசியில், அதாவது அதை அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால், 'டாட் பேங்க் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். நம் வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

செய்தி, யூடியூப், மொத்த விலை தேடுவது, கல்யாணப் பத்திரிகை மாடல் பார்ப்பது எல்லாம் ஃபயர்பாக்ஸில், யூபிளாக் ஆரிஜினோடு. குரோமிலிருந்து பாஸ்வேர்டுகளைக் கொண்டுவரவா என்று அது ஆசையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊர் சுற்றுகிறவன் பையில் பெட்டிச் சாவி எதற்கு? யாராவது ஏற்கெனவே பாஸ்வேர்டுகளைக் கோப்பாக இறக்கி வைத்திருந்தால், அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழியுங்கள்.

ஃபயர்பாக்ஸைப் போடுவதற்கு அண்ணன் மகன் போதும், ஒரு காபிக்கு வந்துவிடுவான். அவன் கிளம்பும்போது அந்த வட்டத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.