தப்புக் கணக்கைப் பார்க்க ஆள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

காரைக்குடி பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்தார்கள். வீடியோ போட்டால் வகுப்பே கப்சிப். அடுத்து பிள்ளைக்கு ஒரு டேப்லெட் தருகிறோம் என்கிறார்கள். கண் கெடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள், கரண்ட்டும் அடிக்கடி போகிறது. வாங்கலாமா?
எஸ்.

அன்புள்ள டீச்சர்,

கரண்ட் போகும், வரும். கண்ணைப் பற்றிக் கண் டாக்டரிடம் கேளுங்கள். 'வகுப்பே கப்சிப்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. கணக்கு நேரத்தில் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா? வீட்டில் டிவி முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

போர்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயம் துடிப்பதையும் கிரகணத்தில் நிழல் நகர்வதையும் சாக்பீஸால் காட்ட முடியாது. தாராளமாகப் போடுங்கள்.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சின்ன வயதில் பர்மாவுக்குப் போய் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, இருந்தவர். ராத்திரி கடை அடைத்தபிறகு, அவருக்கு மேலே வேலை பார்த்த 'அடுத்தாள்' அவரை வட்டிக் கணக்கு போடச் சொல்வாராம். தப்பு வந்தால் விடையைச் சொல்ல மாட்டார். "எப்படிப் போட்டே, வாய்விட்டுச் சொல்லு" என்பார். ஐயா சொல்லிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் நாக்கு தடுக்கும். தப்பு அங்கேதான் இருக்கும்.

உங்கள் பையன் ஒருவன் 403இல் 168 போனால் 365 என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆப் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அவன் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான், அவ்வளவுதான். கடன் வாங்கத் தெரியவில்லை. நோட்டைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடலாம். பார்க்காவிட்டால் எட்டாம் வகுப்பிலும் அதையேதான் செய்வான்.

தென் அமெரிக்க நாடான பெருவில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து மாலை வகுப்புகள் நடந்தன. 2019இல் வெளியான ஆய்வின்படி, நான்கரை மாதத்திலேயே கணக்கில் நல்ல முன்னேற்றம். அது வகுப்புப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடாமல், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கியது. தப்பைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கொடுத்தது. இன்னொன்றும் உண்டு. 45 நிமிஷம் கணினி, அப்புறம் 45 நிமிஷம் சின்னக் குழுவாக ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இந்தப் பாதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, டேப்லெட். ஆளுக்கொன்று வேண்டாம், முறைவைத்துப் பயன்படுத்தப் பத்து போதும். ரிப்பேர் செலவையும் அந்த முன்னாள் மாணவர்களே ஏற்கட்டும். மிச்சப் பணத்தில், சாயங்காலம் நோட்டுப் பார்க்க ஊரில் படித்த பெண் ஒருவருக்குச் சம்பளம் கேளுங்கள். டேப்லெட்டில் பெயர் ஒட்டலாம், சம்பளத்தில் ஒட்ட முடியாது, முகம் சுளிப்பார்கள். கூச்சப்படாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.